கொக்கிளாய் மணலில் ஒரு கப்பலின் சுக்கான்

பழைய உழவு இயந்திரம் ஓட்டப் பழக வரும் பொடியனுக்கு எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொடுக்கும் முதற்பாடம் கிளச்சைப் பற்றியதல்ல, கியரைப் பற்றியதும் அல்ல. "பெருவிரலை உள்ளுக்குக் கொழுவாதை, வெளியால வை" என்பதுதான் அது. முன்சில்லு ஒரு கல்லிலோ வேரிலோ மோதினால் அந்த அடி இரும்புத் தண்டுகள் வழியே மேலேறி ஸ்டியரிங் வளையத்தை வெடுக்கென்று சுழற்றிவிடும். வளையத்தின் குறுக்குக் கம்பிகளுக்குள் விரல் இருந்தால் அன்றோடு அந்த விரல் கோணல்தான்.

வன்னிக் கரையில், கொக்கிளாயில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு வலது பெருவிரல் அப்படித்தான் வளைந்திருக்கிறது. அவரிடம் இருப்பது ஒரு மசி பேர்குசன் 135. ஒரு காலத்தில் காட்டுப் பாதைகளில் மரக்குற்றி இழுத்த மெசின் அது. பாலை மரமும் முதிரை மரமும் அதன் பெட்டியில் ஏறியிருக்கின்றன. இப்போது கடற்கரையில் படகு இழுக்கிறது, வலை ஏற்றுகிறது, ஐஸ் பெட்டி சுமக்கிறது. காட்டில் வேரடி என்றால் கடற்கரையில் மணல். சில்லு புதைந்து நிற்கும்போது வளையத்தைத் திருப்ப நெஞ்சைச் சாய்த்து, இரண்டு கையாலும் தொங்கவேண்டியிருக்கும். அவருடைய தோள்மூட்டுகள் இரண்டும் அதிலேயே தேய்ந்தன. போன வருசம் ஒரு கராஜில் பழைய தண்டுகளைக் கழற்றிவிட்டு ஒயிலில் இயங்கும் பவர் ஸ்டியரிங் பூட்டிக்கொடுத்தார்கள். இப்போது ஒற்றைக் கையால் திருப்புகிறார்.

"உள்ளங்கை அகலத்துச் சாமான். இதுக்குள்ள இவ்வளவு பலம் எங்கயிருந்து வந்தது தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். எஞ்சினிலிருந்து என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது முழுப் பதில் அல்ல என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எஞ்சின் முன்பும் அதே எஞ்சின்தானே? அவர் தோளை நோகடித்துக்கொண்டிருந்த காலத்திலும் அது அதே பலத்தோடு உறுமிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பலத்தைக் கையின் சொல்லுக்குக் கட்டுப்பட வைத்தது யார், எப்போது என்பதுதான் உண்மையான கேள்வி.

வன்னிக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. மரக்குற்றியை முதலில் இழுத்தது யானை. வன்னிச் சிற்றரசுகளான வன்னிமைகள் போர்த்துக்கேயருக்கும் பிறகு ஒல்லாந்தருக்கும் திறை செலுத்தியது யானைகளாகத்தான். காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் போயின. அங்கே கோல்கொண்டாவிலிருந்து வந்த வணிகர்கள் கூட வாங்கக் காத்திருந்தார்கள். அந்த மிருகத்தைப் பாகன் எப்படித் திருப்பினான்? கழுத்தில் அமர்ந்து, காதுக்குப் பின்னால் கால் விரலால் ஓர் அழுத்து. இடது காதடியில் அழுத்தினால் ஒரு பக்கம், வலதில் அழுத்தினால் மறுபக்கம். விரல் ஏவுகிறது, யானை செய்கிறது. மாட்டு வண்டியும் அதே கதைதான். மூக்கணாங்கயிற்றில் ஒரு சுண்டு சுண்டினால் இரண்டு எருதுகள் பாரத்தோடு திரும்பும். வண்டிக்காரன் தோள் நோகத் திருப்பியதில்லை. ஏவல் ஒரு பக்கம், பலம் மறுபக்கம் என்ற அந்தப் பிரிவினை எருதைக் கழற்றி எஞ்சினைப் பூட்டிய நாளில்தான் தொலைந்துபோனது. அதைத் திரும்பக் கண்டுபிடிக்கப் போன வழிதான் நீளமானது. அது கடல் வழியாகச் சுற்றி வந்தது.

அதற்கு முன் சில்லைத் திருப்பும் முறையைப் பற்றி இரண்டு வார்த்தை. நான்கு சில்லுக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதுமாக நடுவில் சுழலும். குறுகிய திருப்பத்தில் வண்டி குடைசாயும். மியூனிக் நகரில் பவேரிய அரசவைக்கு வண்டி செய்துகொடுத்த ஜியார்க் லாங்கென்ஸ்பேர்கர் என்பவர் அச்சை அசையாமல் வைத்து, இரண்டு முனைகளிலும் சில்லுகள் மட்டும் திரும்புமாறு செய்தார். 1818 இல் அதற்கு இலண்டனில் காப்புரிமை எடுத்துக்கொடுத்தவர் ருடோல்ஃப் அக்கர்மன். சித்திரப் புத்தகங்கள் அச்சிட்டு விற்ற கடைக்காரர் அவர். கடற்படைத் தளபதி நெல்சனின் இறுதி ஊர்வலத் தேரை வடிவமைத்ததும் அவர்தான். கண்டுபிடித்தவரின் பெயர் மறைந்து, காப்புரிமை எடுத்த முகவரின் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் மெக்கானிக் பாடப்புத்தகத்தில் அது "அக்கர்மன் ஸ்டியரிங்". இதே வண்டித் தொழிலில் 1840 இல் சென்னையில் தொடங்கிய ஒரு கொம்பனியின் பெயர் சிம்சன். அந்தப் பெயரைப் பிறகு வேறோர் இடத்தில் சந்திப்போம்.

இப்போது கடலுக்குப் போவோம். 1860களில் பிரித்தானியக் கடற்படை கட்டிய மினோட்டோர் என்ற இரும்புப் போர்க்கப்பலைச் சோதனை ஓட்டத்தில் ஒரு முழு வட்டம் திருப்பிப் பார்த்தார்கள். சுக்கான் சக்கரத்தில் 18 பேர், கயிற்றுக் கப்பிகளில் இன்னும் 60 பேர். எழுபத்தெட்டுப் பேர் மூச்சுப்பிடித்து இழுத்தும் வட்டம் முடிய ஏழரை நிமிடம் ஆனது. கப்பலைச் செலுத்த ஆயிரக்கணக்கான குதிரைவலு நீராவி உண்டு. திருப்புவதற்கோ மனிதக் கைகள்தான். பெரியவரின் மசி பேர்குசனில் இருந்த அதே கோளாறு, நூறு மடங்கு பெரிதாக.

அந்தக் காலத்தின் மிகப் பெரிய கப்பல் கிரேட் ஈஸ்டர்ன். 1861 செப்டெம்பரில் அத்திலாந்திக் புயலில் அதன் சுக்கான் தண்டு முறிந்து, அவ்வளவு பெரிய கப்பல் திக்கில்லாமல் உருண்டது. பயணியாக வந்த ஹமில்டன் டௌல் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் முறிந்த தண்டில் சங்கிலியைச் சுற்றிக் கட்டிக் கரைசேர்த்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1867 இல், அதே கப்பலில்தான் ஜோன் மக்ஃபார்லேன் கிரே அமைத்த நீராவிச் சுக்கான் பொறி ஏறியது. சுக்கானுக்கு நீராவியைப் பூட்ட முதலில் நினைத்தவர் அவர் அல்லர். அமெரிக்கரான ஃபிரெடரிக் சிக்கில்ஸ் அதற்கு முன்பே ஒன்று செய்திருந்தார். ஆனால் சிக்கில்ஸின் பொறிக்கு நிற்கத் தெரியாது. சுக்கான் வேண்டிய கோணத்துக்கு வந்ததும் மாலுமிதான் பார்த்து நீராவியை அடைக்கவேண்டும்.

கிரே செய்த வேலை சின்னது, ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. மாலுமி சக்கரத்தைத் திருப்பினால் நீராவி வால்வு திறக்கும். சுக்கான் நகரத் தொடங்கும். நகரும் சுக்கானே ஒரு திருகாணி வழியாக அந்த வால்வைத் திரும்ப மூடிக்கொண்டு வரும். சக்கரம் எவ்வளவு திரும்பியதோ அவ்வளவு சுக்கான் திரும்பியதும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். கை ஒரு படி வைத்தால் பொறியும் ஒரு படி, கை நின்றால் பொறியும் நிற்கும். பிரான்சில் ஜோசஃப் ஃபார்க்கோ இதையே தனியாகச் செய்து, 1873 இல் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்: சேர்வோ. அடிமை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர். எனக்கென்னவோ "ஏவலாள்" என்பதே பொருத்தமாகப் படுகிறது. கிரேட் ஈஸ்டர்ன் 1870 இல் பம்பாயிலிருந்து ஏடனுக்குக் கடலடித் தந்திக் கம்பியும் போட்டது. அந்த ஏவலாள் எங்கள் கடற்பக்கம் எட்டிப்பார்த்தது அப்போதுதான்.

நீராவிப் பொறியை லொறியின் முன் அச்சில் வைக்க முடியாது. அதற்கு ஒயில் வேண்டும். ஒயிலுக்கு முன் தண்ணீர். 1795 இல் யோர்க்சயர் தச்சர் ஜோசஃப் பிராமா, சின்னக் குழாயில் கொடுக்கும் அழுத்தத்தைப் பெரிய உருளையில் பெரும் பலமாக மாற்றும் அழுத்துப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பூட்டுச் செய்து பேர்பெற்றவர் அவர். மலசலகூடத் தொட்டியையும் மேம்படுத்தியவர். பொறி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தண்ணீர் கசிந்தது. இறுக்கிக் கட்டினால் தண்டு நகராது, தளர்த்தினால் பீறிடும். அவருடைய பட்டறையில் வேலை செய்த ஹென்றி மோட்ஸ்லி தோலில் ஒரு கிண்ண வளையம் வெட்டிப்போட்டுத் தீர்த்தார் என்பது தொழில்நுட்ப வரலாற்றில் வழங்கும் கதை. அழுத்தம் ஏற ஏறத் தோல் தானே விரிந்து சுவரோடு ஒட்டும், அழுத்தம் இறங்கினால் விட்டுக்கொடுக்கும். இந்தத் தோல் வளையத்தை நினைவில் வைத்திருங்கள். கசிவுதான் இந்தக் கதையின் நிரந்தர எதிரி.

1906 இல் அமெரிக்கப் போர்க்கப்பலான வேர்ஜினியாவின் பீரங்கிகளைத் திருப்பத் தண்ணீருக்குப் பதில் ஒயில் வந்தது. ஒயில் துருப்பிடிக்க விடாது, தன் பாதையைத் தானே வழுவழுப்பாக்கும். இனி யாராவது அதைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவந்தவர் பிரான்சிஸ் டேவிஸ். பியர்ஸ் ஆரோ கொம்பனியில் லொறிப் பிரிவின் தலைமைப் பொறியியலாளர். பார லொறியைத் திருப்புவது எவ்வளவு முறிவான வேலை என்பதை நாளாந்தம் கண்டவர். 1920களின் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு, மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வோல்தம் நகரில் ஒரு சிறு பட்டறையை வாடகைக்கு எடுத்து, கருவி செய்யும் ஒரு கைவினைஞரோடு உட்கார்ந்தார். அதுவரை ஒயில் பொறி செய்தவர்கள் எல்லோரும் ஒயிலை அழுத்தத்திலேயே அடைத்து வைத்து, தேவைப்படும்போது திறந்துவிட்டார்கள். அடைபட்ட ஒயில் எந்த மூட்டிலாவது கசியும். டேவிஸ் தலைகீழாக யோசித்தார். வால்வு எப்போதும் திறந்தே இருக்கட்டும், ஒயில் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கட்டும். சாரதி வளையத்தைத் திருப்பும் கணத்தில் மட்டும் வழி குறுகி அழுத்தம் ஏறட்டும். நேராக ஓடும்போது அழுத்தமே இல்லை, ஆகவே கசிவும் குறைவு. கிணற்று வாய்க்காலில் வாழைக்குப் பாயும் தண்ணீரை மண்வெட்டியால் ஒரு பக்கம் மறிப்பதுபோலத்தான்.

1926 ஒக்ரோபரில் அதைப் பூட்டிய தன் பியர்ஸ் ஆரோ காரில் டெட்ராய்ட்டுக்குப் போய் ஜெனரல் மோட்டர்ஸ்காரருக்கு ஓட்டிக் காட்டினார். ஒப்பந்தமும் கிடைத்தது. கடிலாக் கார்களில் வரப்போகிறது என்ற நிலையில் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. செலவு கட்டாது என்று 1934 இல் கைவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளின் பின் பென்டிக்ஸ் கொம்பனியோடு இன்னோர் ஒப்பந்தம், அதிலும் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. நல்ல பொருளுக்கு ஆள் இல்லாமல் பத்து வருடம் கழிந்தது.

அதற்கு வாழ்வு கொடுத்தது இரண்டாம் உலகப் போர். பிரித்தானிய இராணுவத்துக்காகச் செவர்லே கட்டிய ஸ்டாக்ஹவுண்ட் போன்ற கவச வண்டிகளின் பாரத்தை மனிதக் கை திருப்ப முடியவில்லை. டேவிஸின் பொறி அவற்றில் ஏறியது. போர் முடியும்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் அது இருந்தது. ஆனால் அன்று காப்புரிமைக்கு ஆயுள் 17 வருடம்தான். டேவிஸின் பழைய காப்புரிமைகள் காலாவதியாகிவிட, 1951 இல் கிறைஸ்லர் கொம்பனி அந்த வழியிலேயே செய்த ஒன்றைத் தன் இம்பீரியல் காரில் பூட்டி "ஹைட்ரகைட்" என்று பெயரிட்டு விற்றது. டேவிஸுக்கு அதில் சதம் கிடைக்கவில்லை. ஆனால் போட்டிக்காரன் முந்திவிட்டான் என்று கண்ட ஜெனரல் மோட்டர்ஸ் ஓடிப்போய் டேவிஸோடு மறுபடி ஒப்பந்தம் செய்தது. இருபத்தைந்து வருடம் கதவைத் தட்டியவருக்குக் கதவு திறந்தது இன்னொருவர் பார்த்துச் செய்ததால்தான்.

அதே போரில் இன்னொரு சின்னப் பொருளும் உலகம் முழுவதும் போனது. நீல்ஸ் கிறிஸ்டென்சன் டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர், 1939 இல் ரப்பர் வளையம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர். ஒரு பள்ளத்துக்குள் இருக்கும் சாதாரண வட்ட ரப்பர்தான். மோட்ஸ்லியின் தோல் செய்ததையே அது செய்தது, அதைவிட மலிவாக, அதைவிட நீண்ட காலம். போர்த் தேவை என்று அமெரிக்க அரசு அந்தக் காப்புரிமையை வாங்கி எல்லா உற்பத்தியாளருக்கும் திறந்துவிட்டது. இன்று எந்தச் சந்தியின் உதிரிப்பாகக் கடையிலும் பெட்டி பெட்டியாகத் தொங்கும் "ஓ ரிங்" அதுதான்.

இவ்வளவும் காருக்கு. உழவு இயந்திரத்தின் கதை வேறு. அதன் ஆச்சரியம் என்னவென்றால் அதற்குள் ஒயில் பலம் காருக்கு முன்பே வந்துவிட்டது. அயர்லாந்து விவசாயி ஒருவரின் மகன் ஹரி பேர்குசன் கலப்பையை ஒயில் அழுத்தத்தால் தூக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். ஹென்றி ஃபோர்டோடு 1938 இல் வெறும் கைகுலுக்கலில் கூட்டுச் சேர்ந்தார். பிறகு பிணங்கி வழக்காடி 1952 இல் 92½ இலட்சம் டொலர் பெற்றார். 1953 இல் மசி ஹாரிஸ் கொம்பனியோடு இணைந்தார். அப்படித்தான் "மசி பேர்குசன்" என்ற இரட்டைப் பெயர் பிறந்தது. பெரியவரின் 135 க்குள்ளும் அந்த ஒயில் பம்ப் வயிற்றில் கிடக்கிறது. பின்னால் கலப்பையை ஒற்றை நெம்புகோலில் தூக்கும். முன்னால் சில்லைத் திருப்ப மட்டும் மனிதத் தோள்! ஒரே மெசினின் பின்பாதி இருபதாம் நூற்றாண்டிலும் முன்பாதி பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பம்ப்பை முன்னுக்கும் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். முடியாது. அதற்கு ஒயில் தேவைப்படும்போது மட்டுமே உறிஞ்சத் தெரியும். டேவிஸின் வழிக்கோ ஒயில் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

பேர்குசனின் இன்னொரு வித்தை எங்கள் ஆட்கள் படிக்காமலே கண்டுபிடித்தது. போருக்குப் பிந்திய அவருடைய சில மெசின்கள் பெற்றோலில் புறப்பட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்ற மலிவு எண்ணெய்க்கு மாறும். உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடியது அப்படித்தானே? சில துளி பெற்றோலில் உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டம். அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு அந்தப் புகையின் மணம் இன்னும் மூக்கில் இருக்கும்.

இனி மரத்துக்கு வருவோம். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் கனடாவில் மரக்குற்றி இழுக்கும் புதுவகை மெசின் வந்தது. ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் பிறந்த டிம்பர்ஜாக் அவற்றில் பேர்போனது. அதன் முன்சில்லுகள் திரும்புவதில்லை. மெசினின் உடலே நடுவில் மடியும். இரண்டு ஒயில் சிலிண்டர்கள் உடலை இடமும் வலமும் வளைக்கும். பனிக்காட்டில் மரங்களுக்கிடையே புழுவைப்போல நெளிந்து போகும். உடலையே மடிக்கும் பாரத்தைத் தண்டும் பற்சக்கரமும் தாங்காது. ஆகவே சாரதியின் வளையத்துக்கும் சில்லுக்கும் இடையே இரும்புத் தொடர்பே இல்லாத ஸ்டியரிங் தேவைப்பட்டது. நடுவில் ஒயில் குழாய் மட்டும் இருக்கவேண்டும்.

மினசோட்டாவில் லின் சார்ல்சன் என்பவர் சார்லின் என்ற தன் கொம்பனியில் செய்த சிறிய பெட்டி அதைச் சாத்தியமாக்கியது. "ஓர்பிட்ரோல்" என்று பெயர். பெரியவர் உள்ளங்கை அகலம் என்றாரே, அது இதுதான். உள்ளே ஏழு குழி கொண்ட ஒரு வளையம், அதற்குள் ஆறு பல் கொண்ட ஒரு நட்சத்திரம். ஒரு பல் குறைவென்பதால் நட்சத்திரம் நடுவில் நிற்க முடியாது. சுழன்றுகொண்டே சுற்றிவரும், பூமி தன்னையும் சுற்றிச் சூரியனையும் சுற்றுவதுபோல. அது ஒருமுறை தன்னைச் சுற்றுவதற்குள் வளையத்துக்குள் ஆறு முறை வலம்வந்துவிடும். ஒவ்வொரு வலத்திலும் ஏழு அறைகள் நிரம்பி வெறுமையாகும். ஸ்டியரிங் வளையத்தின் ஒரு சுற்றுக்கு 42 சிறங்கை ஒயில், அளந்து அளந்து சிலிண்டருக்குப் போகும். கை நின்றால் நட்சத்திரம் வால்வை மூடிக்கொண்டு தானும் நிற்கும். கிரேட் ஈஸ்டர்னின் திருகாணி செய்ததும் இதுதான். எஞ்சின் நின்றுபோனால் இந்தப் பெட்டியே கைப்பம்ப்பாக மாறும். பாரமாக இருக்கும், ஆனால் சில்லு திரும்பும். எனக்கு இதில் மிகப் பிடித்த குணம் இதுதான்.

சார்லினிடமிருந்து உரிமம் வாங்கி ஐரோப்பாவில் அதைச் செய்தது டென்மார்க்கின் ஆல்ஸ் தீவிலிருந்த டான்ஃபோஸ். மாட்ஸ் கிளவுசன் என்பவர் 1933 இல் தன் பெற்றோரின் பண்ணை வீட்டில் தொடங்கிய கொம்பனி. அவர் முதலில் செய்தது குளிரூட்டிகளுக்கான வால்வு. ஐஸ் உறையவைக்கும் பொறிகளின் வால்வு செய்தவர்கள் ஸ்டியரிங் பெட்டிக்கு வந்தார்கள். பெரியவர் தன் மெசினில் ஏற்றிப்போகும் ஐஸும் அதைத் திருப்பும் பெட்டியும் ஒரு வகையில் சொந்தக்காரர்கள். சார்லினை அமெரிக்காவின் ஈட்டன் கொம்பனி வாங்கியது. 2021 இல் ஈட்டனின் ஒயில் பொறிப் பிரிவை டான்ஃபோஸ் வாங்கிவிட்டது. ஒரு காலத்தில் உரிமம் கேட்டு வந்தவர் கடைசியில் வீட்டையே வாங்கிக்கொண்டார்.

காப்புரிமைகள் முடிந்ததும் மற்றவர்களும் இறங்கினார்கள். பல்கேரியாவில் செய்தார்கள், இந்தியாவில் செய்தார்கள். சீனா செய்ததுதான் விலையை உடைத்தது. கனடாவின் காட்டோரத்தில் பழைய மரமிழுக்கும் மெசின் வைத்திருப்பவரும் வன்னியில் பழைய 135 வைத்திருப்பவரும் இன்று வாங்குவது அநேகமாக ஒரே அச்சில் வார்த்த பெட்டியைத்தான். சீனப் பெட்டிகளில் பி.இசட்.இசட். என்று பொறித்திருக்கும். ஒரு சுற்றுக்கு 100 கன சென்ரிமீற்றர் என்பது 135 அளவு மெசினுக்குப் பொருந்தும் கணக்கு.

எங்களுக்கு இந்தப் பொருள் வந்த வழி ஜப்பான் வழி, சென்னை வழி என்று இரண்டு. 1977 இன் பின் கொழும்பில் பழைய ஜப்பானிய வாகனங்கள் இறங்கத் தொடங்கின. சென்னையில் 1960 இல் தொடங்கிய டாஃபே, மசி பேர்குசனைத் தமிழ்நாட்டிலேயே செய்தது. அதன் எஞ்சின் சிம்சனுடையது, 1840 இல் குதிரை வண்டி கட்டிய அதே சிம்சன். டாஃபே 45 ஐ எங்கள் வயல்களில் தெரியாதவர் இல்லை. ஆனால் போரால் இரண்டு வழியும் வன்னிக்கு நெடுங்காலம் அடைபட்டிருந்தன. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனங்கள் ஊரைவிட்டு எழும்ப வேண்டிவந்தது. அதன்பின் வந்த கால் நூற்றாண்டில் புதுமெசின் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய மசி பேர்குசன்கள்தான் நெல் சுமந்தன, மரம் சுமந்தன, காயப்பட்டவர்களைச் சுமந்தன. 2008 இலும் 2009 இலும் குடும்பங்களின் பாத்திரம் பண்டம், கூரைத் தகரம், கிழவர் குழந்தைகள் எல்லாவற்றையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு இடம் இடமாக நகர்ந்தன. அந்தப் பாதைகளில் வளையத்தைப் பிடித்திருந்த கைகளின் நோவை யாரும் எழுதிவைக்கவில்லை.

சண்டை முடிந்த பின் இந்தியா 500 உழவு இயந்திரங்களை வடக்குக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. கடனில் புதியன வாங்கியவர்களும் உண்டு. பவர் ஸ்டியரிங் என்ன சுகம் என்பதைப் பக்கத்து வயல்காரனின் மெசினில் ஏறிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். 2020 இல் நாட்டில் வாகன இறக்குமதி நின்றது. 2022 பொருளாதார நெருக்கடியில் டீசலுக்கே நாள்கணக்கில் வரிசை. புதிது வாங்க வழியில்லாதபோது பழையதை இலகுவாக்குவதுதான் மிஞ்சியது.

பெரியவரின் மெசினுக்கு அந்த வேலை நடந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். முன் அச்சுக்கு மேலே ஒரு தகட்டை ஒட்டி, இரு பக்கமும் தள்ளி இழுக்கும் ஒரு சிலிண்டரைப் பொருத்தினார்கள். எஞ்சினின் முன்பக்கம் பெல்ட்டில் ஓடும் தனிப் பம்ப். பழைய வாயுச் சிலிண்டர் ஒன்றை வெட்டி ஒயில் தாங்கி. வளையத்தின் அடியில் அந்தப் பெட்டி. நான்கு ஓஸ். "அறுபத்தெட்டு" இலக்க ஒயில் ஊற்றி, எஞ்சினைப் போட்டு, வளையத்தை இடப்பக்கம் திருப்பினால் சில்லு வலப்பக்கம் போனது! இரண்டு ஓஸும் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. ஸ்பானர் எடுத்து மாற்றிப்பூட்டக் கால்மணி நேரம். மறுபடி போட்டபோது பெரியவர் ஏறி உட்கார்ந்து, ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு மறுகையால் மெல்லத் திருப்பினார். சில்லு மணலை விலக்கிக்கொண்டு திரும்பியது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

குறை இல்லாமலும் இல்லை. இரும்புத் தொடர்பு அறுந்ததால் வளையம் நேராக நின்றாலும் சில்லு நேராக நிற்கிறது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகும். "சில்லு எங்க பாக்குதெண்டு கைக்குத் தெரியேல்லை, எட்டித்தான் பாக்கவேண்டிக் கிடக்கு" என்கிறார். வேரடியும் கையில் தெரியவில்லை. நாற்பது வருடம் கையால் தரையைப் படித்தவருக்கு அது பெரிய இழப்புத்தான், அதை நான் சிறிதாகச் சொல்லமாட்டேன். ஆனால் அறுபத்தெட்டு வயதில், தோள் இரண்டும் போன நிலையில், அவர் இன்னும் தன் மெசினில் தானே ஏறுகிறார். மெசினைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்து விற்கவில்லை.

கொக்கிளாய்க் கடற்காற்றுக்கு உப்பு அதிகம். பளபளவென்ற சிலிண்டர் தண்டில் மூன்றாம் மாதமே புள்ளி புள்ளியாகத் துரு தெரிந்தது. மணல் ஒட்டிய தண்டு உள்ளே போய்வரும்போது சீல் வளையத்தைக் கீறும், பிறகு ஒயில் கசியும். பிராமாவின் பட்டறையில் தொடங்கிய அதே தொல்லை. பெரியவர் ஒரு பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி, தண்டின் மேல் உறைபோலச் சுற்றி, இரண்டு முனையையும் நைலோன் வலைநூலால் இறுக்கிக் கட்டிவிட்டார். தண்டு நீளும்போது ரியூப் நீள்கிறது, உள்ளே போகும்போது சுருங்கி மடிகிறது. வாரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, கிரீஸ் பூசி, மறுபடி கட்டுகிறார். இருக்கைக்கு அடியில் ஒரு ரின்மீன் பேணியில் மாற்று ஓ ரிங் இரண்டு கிடக்கின்றன. இதுவரை அவற்றை எடுக்க நேரவில்லை.